அறுபது சென்டிமீட்டர்

என் வேலை ஒரே ஒரு வாக்கியம்:
"தயவுசெய்து கொஞ்சம் பின்னால்."
டச்சில் சொல்வேன், ஆங்கிலத்தில் சொல்வேன்,
மற்றவர்களுக்குக் கையால்.
ஆம்ஸ்டர்டாமில் பதினோரு வருடம்,
ஒரே அறை, ஒரே நாற்காலி.
எதிரே ஒரு கணவனும் மனைவியும்,
அல்லது அப்படி நாங்கள் நினைத்துக்கொள்ளும் இருவர்.

அவன் கை அவள் நெஞ்சின் மேல்.
அவள் விரல்நுனிகள் அந்தக் கையின் மேல்,
சூடு ஆறிவிட்டதா என்று
பாத்திரத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல.
ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.
மூன்றரை நூற்றாண்டாகப் பார்க்கவில்லை.
வருகிறவர்கள் எல்லாம் முகங்களில்தான் தேடுகிறார்கள்.
நானும் தேடினேன்.
மழை நாளில் அவள் வருந்துகிறாள் என்பேன்,
சம்பள நாளில் இல்லை என்பேன்.

நவம்பரில் பின்படிக்கட்டுச் சுவர் பெயர்ந்தது.
பூச வந்தவர்களில் ஒருவர், டௌவே ஸைல்ஸ்ட்ரா,
பாதி ரொட்டியை மடித்துப் பையில் செருகிக்கொண்டு
மதிய இடைவேளையில் உள்ளே வந்தார்.
முழங்காலில் சுண்ணாம்பு. காதுமடலில் சுண்ணாம்பு.
முகங்களைப் பார்க்கவேயில்லை.
ஓரமாகப் போய் நின்று
ஒற்றைக் கண்ணை மூடினார்,
சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பவர்போல.

"இது தூரிகை இல்லை."
எது?
"சட்டைக் கை. கரணை போட்டு அப்பியிருக்கிறான்.
ஈரத்தின் மேல் ஈரம்.
இங்கே இழுத்திருக்கிறான், இங்கே அமுக்கியிருக்கிறான்,
எடுக்கும்போது கூடவே எழும்பி வந்த முனை
அப்படியே நின்றுவிட்டது, பாருங்கள்.
நாங்கள் அதைத் தேய்த்துவிடுவோம்.
தேய்க்காவிட்டால் கூலி கிடையாது."

முதல்முறையாக நாற்காலியை விட்டு
அவர் நின்ற பக்கம் போய்ப் பார்த்தேன்.
நான் தங்கம் என்று நினைத்திருந்தது
தங்கமும் இல்லை, சட்டையும் இல்லை.
மஞ்சளாய் ஒரு சேறு,
மேடும் பள்ளமும், மேட்டுக்கு மேடு நிழலும்.
துணியாய் ஆக்குவது தூரம்.

"இவ்வளவு கனத்தைத் தோளிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்து
கடைசியில் எங்கே வைக்கிறான்?
விரலுக்கு வந்ததும் பூச்சு மெலிந்துவிட்டது.
அவள் மேல் கனக்கவில்லை."

அவள் பாவாடையின் சிவப்பைப் பற்றி
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அந்தச் சிவப்பு, அடியில் தணல் கிடக்கிற சிவப்பு,
அதன் முன்னால் இரண்டு முறை
தொண்டையைச் செருமிக்கொண்டார்.

பிறகு கட்டைவிரலை உயர்த்தினார்.
தொடுவதற்கு இல்லை.
காற்றில், அந்தச் சட்டைக் கையின் வளைவோடு,
மேலிருந்து கீழாக,
முனையில் ஒரு சின்னச் சுண்டல்.
என் கையும் அசைந்தது, பையில் இருந்தபடி.

மணி கத்தியது.
என் வாக்கியம் எனக்கு வரவில்லை.
"ஃபெம்கே, அங்கே என்ன?" என்று
ரேடியோ கேட்டது, மறுபடி கேட்டது.
அவரே பின்னால் நகர்ந்தார்,
தன் தூசியிடமும் மன்னிப்புக் கேட்பவர்போல.

மாலையில் படிவம்.
நேரம்: பன்னிரண்டு நாற்பது.
தூரம்: அறுபதுக்குள்.
சேதம்: இல்லை.
காரணம்: கவனக்குறைவு என்று எழுதிவிட்டு
பின்பாதியை அடித்தேன்.
மேலாளர் அதை எழுத்துப் பிழை என்று எடுத்துக்கொண்டார்.

வேலை முடிந்து அவர்கள் போன மறுநாள்
பின்படிக்கட்டில் இறங்கினேன்.
சுவர் வழவழப்பு, முட்டைத் தோடுபோல.
கைப்பிடிக்குக் கீழே,
விளக்கு சரியாக விழாத மூலையில்,
கரணையோடு எழும்பி வந்த ஒரு முனை
தேய்க்கப்படாமல் நின்றது.

கூலியில் பிடித்தார்களா, தெரியாது.
இறங்கும்போதெல்லாம் அந்த இடத்தில்
சுற்றும் முற்றும் பார்த்துக்கொள்கிறேன்.
அங்கே மணி கிடையாது.